பணிப்பெண்ணாக வந்த மணப்பெண்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்காவிட்டால்? ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்' நாடகத்தில் அப்படித்தான் ஆகிறது! 1773-இல் லண்டன் கோவெண்ட் கார்டனில் அரங்கேறிய இதை, இங்கிலாந்தின் உள்ளூர் நாடகக் குழுக்கள் இன்றும் மேடையேற்றுகின்றன.

மார்லோவுக்குப் பெரிய இடத்துப் பெண்களைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலைக்காரப் பெண் என்றாலோ ஒரே வாயாடித்தனம்! டோனி என்ற குறும்பன் சொன்னதை நம்பி, பெண் வீட்டையே சத்திரம் என்று நினைத்துவிடுகிறான். அப்படியா சேதி என்று, எளிய உடுப்பில் பணிப்பெண்ணாகவே பேச்சுக் கொடுக்கிறாள் கேட். பிறகு, அந்த வீட்டு ஏழை உறவுக்காரி என்கிறாள். அவனுடைய உண்மையான மனசு அப்போதுதான் வெளியே வருகிறது.

சம்பளம், சொத்து எல்லாம் விசாரிக்கிறோம். வசதியில்லாதவர்களிடம் பிள்ளையாண்டான் எப்படி நடந்துகொள்கிறான் என்று விசாரிக்கிறோமா? கேட் விசாரித்தாள்; அதுவும் தானே நேரில்!