பாதரசத்தை அளப்பது எப்படி?

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் நம் சங்கக் குடும்பங்களில் பல, கொடைக்கானலையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகின்றன. அங்கே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்ததும், அதன் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 2001-இல் பழைய இரும்புக் கடையில் அகப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003-இல் கழிவில் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது.

கொட்டிக் கிடந்த கண்ணாடியை அள்ளிவிடலாம். காற்றில் போனதை என்ன செய்வது? பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், நிறமில்லை, வாசனையில்லை. ரயில்வேயில் பழைய மின்சார எஞ்சின்களின் பாதரச ரெக்டிஃபையர்களோடு பழகியவன் நான். கசிவு உண்டா என்று கண்ணால் பார்ப்பதுதான் அன்றைய சோதனை!

ஹைதராபாத்திலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மைய ஆய்வுக்கூடத்தினர் மரப்பட்டையில் ஒட்டி வளரும் லைக்கனை எடுத்துச் சோதித்தார்கள். நாம் மசாலாவில் போடும் கல்பாசியும் இந்த இனம்தான். இதற்கு வேர் கிடையாது. வேண்டியதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, ஆலைப் புகைக்கு அது பல வருடக் கணக்குப் புத்தகம்.

ஏரித் தண்ணீரையும் அளந்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பேரிஜம், கூக்கால் ஏரிகளில் இதைவிட வெகு குறைவு. இந்த ஒப்பீடுதான் முக்கியம். ஓர் ஏரியை மட்டும் அளந்திருந்தால் 'மலையில் இயற்கையாகவே இருப்பது' என்று சொல்லித் தப்பிவிடலாம்.

இவ்வளவு சிறிய அளவை எப்படிப் பிடிப்பது? பரவலாகக் கையாளும் முறை ஒன்றைச் சொல்கிறேன். மாதிரியை அமிலத்தில் கரைத்து, ஸ்டானஸ் குளோரைடு சேர்த்தால் பாதரசம் உலோகமாகிவிடும். காற்றைச் செலுத்தி அதை ஆவியாக ஒரு குழாய்க்குள் அனுப்புவார்கள். குழாயின் ஒரு பக்கம் பாதரச விளக்கு. 253.7 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பாதரச அணுக்கள் விழுங்கும். மறுபக்கம் ஒளி எவ்வளவு குறைகிறதோ, அதை வைத்துப் பாதரசத்தின் அளவைக் கணக்கிடலாம்.

கருவியின் வேலை அதோடு முடிந்தது. ஆலை நிலத்தில் கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்று முடிவானது. பக்கத்திலேயே பாம்பார் சோலை இருக்கிறது, இன்னும் குறைக்க வேண்டும் என்றார்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள். என் ஓட்டு அவர்களுக்கே. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் சமரச ஒப்பந்தம் செய்துகொண்டது. சோலைக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆள் ஏது?