ரெண்டு சாட்சி இருந்தா போதுமா?

டேட்டாவை ஒத்த குணம் பார்த்துக் குழுக்களாப் பிரிக்கிறதுக்குப் பேர் கிளஸ்டரிங். "ஒரே பொருளைப் பத்தி ரெண்டு விதமான தகவல் இருந்தா, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பிரிச்சுட வேண்டியதுதானே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா அப்படிக் கொட்டினா, பெரிய தகவல் சின்னதை முழுங்கிடும்.

நம்ம பதிவுகளையே எடுத்துக்குங்க. 'மாலை'ன்னு ஒரு சொல். பூமாலையா, சாயங்காலமா? சொற்களை மட்டும் எண்ணுற கணினிக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அந்தப் பதிவுக்குச் சுட்டி கொடுக்குறவர், "பூக்கட்டுறவங்க பத்தி எழுதியிருக்கார்"னு சொல்லுவார் இல்லையா? பதிவுக்குள்ள இருக்கிற சொற்கள் ஒரு பார்வை, வெளியிலேர்ந்து வர்ற சுட்டியின் சொற்கள் இன்னொரு பார்வை.

1998-ல ப்ளம், மிட்செல்னு ரெண்டு பேர் இதைத்தான் பிடிச்சாங்க. பல்கலைக்கழகக் கணினித்துறைப் பக்கங்கள்ல எது பாடத்துக்கான பக்கம்னு கண்டுபிடிக்கணும். முதல்ல குறிச்சுக் கொடுத்தது வெறும் 12 பக்கம். ஒரு பார்வைக்கு உறுதியாத் தெரிஞ்சதை இன்னொண்ணுக்குப் பாடமாக் கொடுத்தாங்க. 100-க்கு 11 தப்பு, 5 ஆகக் குறைஞ்சது!

2004-ல பிக்கெல், ஷெஃபர் ரெண்டு பேரும் அதைக் கிளஸ்டரிங்குக்குக் கொண்டு வந்தாங்க. இங்க குறிச்சுக் கொடுக்க ஆளே கிடையாது. ஒரு பார்வையில பிரிச்ச குழுக்களை வெச்சு அடுத்த பார்வையில ஒவ்வொரு குழுவுக்கும் நடுப்புள்ளி கண்டுபிடி, அதை வெச்சு மறுபடி பிரி... இப்படி மாத்தி மாத்தி. கே-மீன்ஸ் முறையில நல்ல முன்னேற்றம். ஆனா சின்னச் சின்னக் குழுக்களை ஒட்டிக்கிட்டே போற படிநிலை முறையில இது எடுபடலை. அதுல ஒரு தடவை ஒட்டினா ஒட்டினதுதான், பிரிக்க வழியில்லை.

இதுல முக்கியமா ரெண்டு நிபந்தனை இருக்கு மக்களே. ஒவ்வொரு பார்வையும் தனியாவே ஓரளவு விவரம் சொல்லணும். அதோட, ஒண்ணு இன்னொண்ணைக் காப்பியடிக்கக் கூடாது. கோர்ட்டுக்கு வெளிய பேசி வெச்சுக்கிட்டு வந்த ரெண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னா அதுக்கு என்ன மதிப்பு? பதிவோட தலைப்பையே சுட்டியில ஒட்டினாலும் அதே கதைதான். 'இங்கே'ன்னு மட்டும் போட்டா அந்தச் சாட்சி வாயே திறக்கலைன்னு அர்த்தம் :-)

அதனால அடுத்த தடவை யாருக்காவது சுட்டி கொடுத்தா, படிச்சுட்டு உங்களுக்குத் தோணினதை ஒரு வரி சொந்தமா எழுதுங்க. படிக்கிறவங்களுக்கும் உதவும், கணினிக்கும் உதவும்.