கடைக்குத் திரும்பி வராத முறைப்பாடு

கொழும்பு வடக்கின் மட்டக்குளிக்காரருக்குக் கண்ணாடி என்றால் ஒருகாலத்தில் அரை நாள் அலைச்சல். 155 பஸ்ஸில் ஏறி, கொட்டாஞ்சேனை, மருதானை என்று ஊர்ந்துபோய்க் கண் ஆஸ்பத்திரியடியில் இறங்க வேண்டும். விக்டோரியா மகாராணியின் நினைவாக 1903இல் அடிக்கல் நாட்டி, எட்வர்ட் ஸ்கின்னர் வரைந்த திட்டப்படி எழுப்பிய சிவப்பும் வெள்ளையுமான பழைய கட்டடம் அங்கே இன்னும் நிற்கிறது. நோயாளர் போவது அதற்குப் பக்கத்தில் உள்ள தேசிய கண் ஆஸ்பத்திரிக்கு. வரிசையில் நின்று துண்டு வாங்கி, அதைக் கடையில் கொடுத்து, ஒரு கிழமை கழித்துப் போய்க் கண்ணாடியை எடுத்து வருவார்கள். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் கொட்டாஞ்சேனையிலோ புறக்கோட்டையிலோ ஒரு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, கடைக்காரர் சொன்ன பவரை நம்பி வாங்கினார்கள்.

இன்று அந்த அலைச்சல் குறைந்துவிட்டது. கடைக்குள் போய் நாடியை மெஷினில் வைத்தால், உள்ளே தூரத்தில் ஒரு பலூன் தெரியும். சில நொடிகளில் சின்னக் கடதாசியில் பவர் அச்சாகி வருகிறது. கண்ணாடி வீட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. அதைக் கொடுக்கிறவரின் படிப்பு எந்த ஆண்டில் நிற்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஊரே பரீட்சை வைத்த காலம்

கொழும்பு வடக்கில் அன்று கண்ணாடி தேவைப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். 1930இல் தொடங்கி, கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவந்த வீரகேசரி போன்ற பத்திரிகைகளுக்கும் சிறிய அச்சகங்களுக்கும் ஈய எழுத்துக் கோத்தவர்கள். செட்டியார் தெருவில் ஊதுகுழலுக்கு முன்னால் குனிந்திருந்த பொற்தொழிலாளர்கள். தையல்காரர்கள், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர்கள். நாற்பது வயதில் வெள்ளெழுத்து எல்லாருக்கும்தான் வரும். இவர்களுக்கோ அது வயிற்றுப்பாட்டின் மேல் வந்து விழுந்தது.

கடைக்காரரிடம் இருந்த சாமான் கொஞ்சம்தான். வட்ட வட்டமாக லென்ஸ் அடுக்கிய பெட்டி, அவற்றைச் செருகிப் பார்க்கும் சோதனைப் பிரேம், சுவரில் எழுத்து அட்டை, கையில் ரெட்டினோஸ்கோப். அறையை இருட்டாக்கி, கண்ணுக்குள் ஒரு வெளிச்சக் கீற்றை விட்டு மெல்ல அசைப்பார். கண்மணிக்குள் தெரியும் செந்நிற ஒளி அதோடு கூடவே போகிறதா, எதிர்ப்பக்கம் ஓடுகிறதா என்று பார்ப்பார். அது அசையாமல் நிறைந்து நிற்கும் வரைக்கும் லென்ஸை மாற்றிக்கொண்டே போவார். கைப்பழக்கத்தில் வரும் வித்தை அது. தகப்பனின் தோளுக்குப் பின்னால் நின்று மகன் கற்றுக்கொண்டான். கண்ணாடி லென்ஸை ஈரக் கல்லில் தேய்த்துப் பிரேமுக்கு அளவாக்கினார்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்குமான கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு தெரியும்.

கடையில் ஒரு தடித்த கொப்பி இருக்கும். தகப்பனின் பவர், தாயின் பவர், மூத்த மகளுக்கு எந்த வயதில் கண்ணாடி போட்டது என்று குடும்பம் குடும்பமாக அதில் எழுதியிருக்கும். பவரில் பிழை என்றால் செய்தி பின்னேரத்துக்குள் கடைக்கு வந்துவிடும். எழுத்துக் கோப்பவருக்குப் 'ப'வும் 'ய'வும் ஒன்றாகத் தெரிந்தால், பிழை திருத்துபவர் விட மாட்டார். அவர் நேரே கடை வாசலில் வந்து நிற்பார்.

"அண்ணே, வாசிக்கச் சரி. படியில இறங்கினா தரை மேல வருது."

"ஒரு கிழமை போட்டுப் பாருங்க. இறங்கும்போது தலையைக் குனிங்க, கண்ணை மட்டும் தாழ்த்தாதீங்க. அப்பவும் சரிவரல்லன்னா கொண்டாங்க."

அவர் கொண்டுவந்தால் கடைக்காரர் தன் கைக்காசில் லென்ஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். நாலு பேருக்கு அப்படி மாற்றினால், அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது முழு ஊருக்கும் அது தெரிந்திருக்கும். சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்லி யாரும் கேட்காத காலத்தில், அவரை விடாமல் பரீட்சித்தது இந்த வாய்ப்பேச்சுத்தான்.

அந்தப் பரீட்சையில் கேள்வி ஒன்றே ஒன்று: எழுத்துத் தெரிகிறதா, இல்லையா? குளுக்கோமாவில் கண்ணின் நரம்பு கெட்டு, பார்வை ஓரத்திலிருந்து கருகும்; நடுப்பார்வை கடைசி வரைக்கும் நின்று பிடிக்கும். அப்படி ஒருவர் எழுத்து அட்டையின் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, சந்தோஷமாகக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போயிருப்பார். பல வருடம் கழித்து வாசற்படியில் தடுக்கி விழும்போது, "வயசு போச்சு, பார்வையும் போச்சு" என்று வீட்டார் சொல்லியிருப்பார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல அவர் திரும்பி வந்திருக்க மாட்டார். பழைய காலத்தை மெச்சுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

கடையும் கண்ணும் மாறிய விதம்

1977இல் பொருளாதாரம் திறந்தது. பிளாஸ்டிக் லென்ஸும் வெளிநாட்டுப் பிரேமும் வந்து நிறைந்தன. 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு கொப்பியில் இருந்த குடும்பங்களில் பல கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறின. போர் முடிந்த பின்னான ஆண்டுகளில் கொழும்பு வடக்கில் அடுக்கு மாடிகள் எழும்பி, தோட்டங்களில் இருந்தவர்கள் அவற்றுக்கு மாறினார்கள். ஒருவரை ஒருவர் அறியாத சனம் கூடக்கூட ஊர்ப்பேச்சின் பிடி தளர்ந்தது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது அளவுக்கு ஏறியதும், இறக்குமதியாகும் லென்ஸின் விலையும் கூடவே ஏறியது. கீறல் விழுந்த கண்ணாடியோடு காலம் தள்ளியவர்கள் இந்தப் பகுதியில் குறைவில்லை.

கண்ணின் தேவையும் மாறிவிட்டது. இன்று கடைக்கு வருகிறவர்களில் ஒருத்தி, கையில் போனோடு வளர்ந்து, கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் ஒன்பது வயதுப் பிள்ளை. அவளை மெஷினில் மட்டும் பார்த்தால் உள்ளதைவிடக் கூடிய மைனஸ் பவர் வர இடமுண்டு. சிறு பிள்ளையின் கண் கிட்டப் பார்ப்பதுபோல இறுகிக்கொள்ளும். மெஷின் அதையும் சேர்த்தே எண்ணிவிடும். சொட்டு மருந்து விட்டு அந்த இறுக்கத்தைத் தளர்த்திப் பார்க்க வேண்டிய பிள்ளைகளைப் பிரித்தறிந்து டொக்டரிடம் அனுப்பத் தெரிய வேண்டும்.

இன்னொருவர் சீனி வருத்தக்காரர். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பவரும் கூடவே மாறும். சீனி கூடிய கிழமையில் அளந்து செய்த கண்ணாடி, மருந்தில் அது அடங்கிய அடுத்த மாதம் உதவாது. பவர் ஏன் திடீரென்று மாறியது என்று கேட்கிற கடைக்காரர், சில வேளைகளில் அவருக்குச் சீனி இருப்பதையே முதலில் சந்தேகிப்பவராக இருப்பார். மூன்றாமவர் எழுபது வயதுப் பெரியவர். "இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறன்" என்று பெருமையோடு வருகிறார். பெரும்பாலும் அது கண்புரை உருவாகி வருவதன் அறிகுறி.

நாலாவது ஆள், கொம்பியூட்டருக்கு முன்னால் பத்து மணித்தியாலம் இருக்கும் இளைஞன். அவனுக்கு நீல ஒளியைத் தடுக்கும் 'புளூ கட்' லென்ஸ் போடச் சொல்லி, அதற்குக் கூடுதலாகக் காசு வாங்குகிறார்கள். கொக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2023இல் வெளியிட்ட மீளாய்வு, அந்த லென்ஸ் குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. இதை அறிந்தவர் அந்த லென்ஸை விற்கும்போது வேறு மாதிரிப் பேசுவார்.

1990இல் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி கருவி உலகுக்கு அறிமுகமானது 1991இல். குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, பிள்ளைகளின் கிட்டப்பார்வை ஏறுவதை மெதுவாக்கும் என்று காட்டிய சிங்கப்பூர், ஹொங்கொங் ஆய்வுகள் 2000க்குப் பிறகு வந்தவை. அவர் படித்த புத்தகத்தில் இவை எதுவும் இருந்திருக்க முடியாது. பிறகு தேடிப் படித்தாரா என்பதைச் சுவரில் தொங்கும் சான்றிதழ் சொல்லாது.

ஸ்காபரோவில் உள்ள மச்சானுக்கு என்ன சட்டம்?

மட்டக்குளியில் பிறந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கண்ணாடி போடுகிறவருக்கு நிலைமை வேறு. ஒன்ராறியோ மாகாணத்தின் 1991ஆம் ஆண்டுச் சட்டம், சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் ஒவ்வொரு சபையும் தரம் பேணும் திட்டம் ஒன்றை நடத்த வேண்டும் என்கிறது. தொடர்கல்வி, தன்மதிப்பீடு, சக தொழிலாளர் வந்து பார்க்கும் மதிப்பீடு ஆகிய மூன்றும் அதற்குள் அடக்கம். பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஒப்டோமெட்ரிஸ்ட் அங்கே மூன்றாண்டுக்கு 70 மணித்தியாலம் படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொது ஒளியியல் சபையை உருவாக்கியது. தொடர்கல்வி கட்டாயமானது 2005இல்தான். இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. மூன்றாண்டுக்கு 36 புள்ளி சேர்க்க வேண்டும். 2022 தொடக்கத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தன் வேலையில் எங்கே பலவீனம், அதற்கு என்ன படிக்கப்போகிறேன் என்று ஒவ்வொருவரும் தனக்கொரு திட்டம் எழுத வேண்டும். பிறகு அதை இன்னொரு தொழிலாளரோடு இருந்து பேசிப் பார்க்கவும் வேண்டும்.

அந்த இரண்டாவது ஆள் எதற்கு? டொக்டர்கள் தம் திறமையைத் தாமே எவ்வளவு சரியாக எடைபோடுகிறார்கள் என்று ஆராய்ந்த தொகுப்பு ஒன்று 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. வெளியார் மதிப்பீட்டோடு ஒப்பிட்ட 20 சந்தர்ப்பங்களில் 13இல், அவர்களின் கணிப்புக்கும் உண்மைக்கும் சம்பந்தம் மிகக் குறைவு, அல்லது இல்லை, அல்லது தலைகீழ். தனியே இருந்து தன்னை அளக்கிறவர், தனக்குப் பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துப் புள்ளி சேர்த்துக்கொள்வார்.

புள்ளி சேர்ப்பதே வேலையாகிவிடும் ஆபத்து எங்கும் உண்டு. லென்ஸ் கம்பனி நடத்தும் கூட்டத்தில் சாப்பாடும் கிடைக்கும், புதுச் சரக்கைப் பற்றிய விளக்கமும் கிடைக்கும். அதைக் கல்வி என்று கணக்கு வைத்தால் வியாபாரம்தான் வளரும்.

இந்தியாவில் கதை வேறு விதமாக நகர்ந்தது. அலிகாரிலும் ஹைதராபாத்திலும் 1958இல் டிப்ளோமா வகுப்புகள் தொடங்கின. சென்னையில் சங்கர நேத்ராலயாவின் துணையோடு 1985இல் எலைட் ஒப்டோமெட்ரி கல்லூரி எழுந்தது. ஒப்டோமெட்ரியையும் சேர்த்து இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணைக்குழுச் சட்டம் 2021இல்தான் வந்தது. படிப்பு முந்தி, சட்டம் பிந்தி.

மட்டக்குளியில் எங்கே தொடங்கலாம்?

இலங்கையில் மருத்துவத் தொழில்களின் பதிவுக்கு அடித்தளமாக இருப்பது 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம். ஒப்டோமெட்ரி பட்டப்படிப்பை இந்த வட்டாரத்தில் எவரும் கேள்விப்படாத காலத்தில் பிறந்தது அது. ஒருமுறை சித்தியடைந்து பெயரைப் பதிந்தால் போதும் என்ற எண்ணம் அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. லென்ஸ் பெட்டியும் எழுத்து அட்டையும் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் பெரிதாக மாறவில்லை.

இப்போது தேவைப்படுவதை நாளைக்கே பெரிய ஏற்பாடாகச் செய்ய வேண்டும் என்றில்லை. பழைய கொப்பியின் இடத்தில் எல்லாக் கடையிலும் கொம்பியூட்டர் இருக்கிறது. வருட முடிவில் அதைத் திறந்து, கடைக்காரர் தனக்குத்தானே நாலு கேள்வி கேட்கலாம். பவர் பிழை என்று எத்தனை கண்ணாடி திரும்பி வந்தது? நாற்பது தாண்டியவர்களில் எத்தனை பேரிடம் சீனி பற்றிக் கேட்டேன்? எத்தனை பேரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், அங்கே என்ன கண்டுபிடித்தார்கள்? எத்தனை பிள்ளைகளுக்கு மெஷின் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன்? இந்தக் கணக்கை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள இன்னொரு ஒப்டோமெட்ரிஸ்டின் முன்னால் வைத்து ஒரு மணித்தியாலம் பேசினால், அதுவே தன்மதிப்பீடு. பதில் சொல்லத் தடுமாறும் கேள்வி எதுவோ, அடுத்த வருடம் படிக்க வேண்டிய பாடம் அது.

இதை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒற்றை ஆள் நடத்தும் கடையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் வகுப்புக்குப் போனால் அன்றைக்குக் கடை பூட்டு. வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். படிக்கப் போனவருக்கு நட்டம், போகாதவருக்கு இலாபம். லென்ஸ் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் அந்த நட்டத்தை நல்ல மனம் மட்டும் எத்தனை வருடம் தாங்கும்? எல்லாருக்கும் ஒரே கட்டாயம் என்று வந்தால் பக்கத்துக் கடையும் ஒரு நாள் பூட்டும். அசட்டையானவரைத் தட்டிக் கேட்கத்தான் சட்டம் என்று நாம் நினைக்கிறோம். அக்கறையாகப் படிக்கிறவர் அந்த அக்கறைக்காகவே வியாபாரத்தில் தோற்றுப்போகாமல் இருக்கவும் அதே சட்டம்தான் வேண்டியிருக்கிறது.