கீமோவா, லேகியமா?

"டாக்டர், கீமோ வேண்டாம். நீங்களே ஒரு லேகியம் கொடுத்திடுங்க!" திருச்சியில் மார்பகக் கட்டியை அகற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் திரும்பிய 58 வயது அம்மா கேட்டார். பாளையங்கோட்டையில் சித்தா படித்தவன்தான் நான். ஆனாலும் கீமோவுக்குப் பதில் லேகியம் தர எனக்கு மனசு வராது. பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். அக்குள் நெறிக்கட்டிகளில் பரவல் இல்லை.

இப்படிப்பட்ட சுமார் 10,000 பெண்களிடம் நடந்த 'டெய்லர்எக்ஸ்' ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. கட்டியின் 21 மரபணுக்களைச் சோதித்து மதிப்பெண் போடுகிறார்கள். 50 வயதைத் தாண்டியவருக்கு அது 25 வரை இருந்தால் ஹார்மோன் மாத்திரையே போதும்; கீமோவால் கூடுதல் பலனில்லை. அதற்கு மேல் போனால் கீமோ தேவை. வயது குறைந்தவர்களுக்குக் கணக்கு வேறு.

செலவு பிடிக்கிற சோதனைதான். "எனக்கு இது பொருந்துமா?"ன்னு உங்க புற்றுநோய் டாக்டரைக் கேளுங்க. நம்ம சூரணம் ஏதாவது சாப்பிட்டால் அதையும் அவரிடம் மறைக்காதீங்க. அந்த அம்மா மறுநாளே ரிப்போர்ட்டோடு திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டார்.