இடிமழையைத் துரத்துகிறவர்கள்

சித்திரை மாத மாலையில் வடமேற்கே வானம் கறுத்தால், கொல்கத்தாவாசிகளான நாம் மாடியில் உலர்த்திய துணிகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடுகிறோம். கால்பைசாகி வருகிறது என்று நமக்குத் தெரியும். அமெரிக்கச் சமவெளியிலோ, இதே போன்ற மேகத்தைக் கண்டதும் காமிராவும் கையுமாகக் காரில் ஏறி அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இவர்களால் உலகுக்குக் கிடைத்த நன்மை கொஞ்சமல்ல.

டெக்ஸஸ், ஓக்லஹாமா, கான்ஸாஸ் போன்ற மாநிலங்களே இவர்கள் களம். மெக்ஸிகோ வளைகுடாவின் ஈரக்காற்று தரையை ஒட்டி வருகிறது. மேற்கே மேட்டுநிலத்தின் வறண்ட காற்று அதன்மேல் மூடிபோல் படிகிறது. வெயிலில் சூடேறி மூடி திறந்ததும், பிரஷர் குக்கர் ஆவிபோல் ஈரக்காற்று மேலே சீறுகிறது. மேகம் 15 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும். மேலே போகப்போகக் காற்றின் வேகமும் திசையும் மாறினால் மேகமே சுழலத் தொடங்கும். இதுதான் 'சூப்பர் செல்'. பலத்த டொர்னாடோக்கள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

நம் வங்கத்திலும் கதை இதுவே. வங்கக் கடல் ஈரத்தைத் தருகிறது. சோட்டா நாக்பூர் பக்கத்திலிருந்து வறண்ட காற்று வருகிறது. 1989 ஏப்ரல் 26 அன்று பங்களாதேஷின் சாட்டூரியா பகுதியைத் தாக்கிய டொர்னாடோவில் சுமார் 1300 பேர் மாண்டனர்.

இந்தத் துரத்தலை 1956-இல் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் டேவிட் ஹோட்லி. விஞ்ஞானிகளும் பின்னர் சேர்ந்தனர். 1973 மே 24 அன்று ஓக்லஹாமாவின் யூனியன் சிட்டி டொர்னாடோவை ஒரு குழு ஆரம்பம் முதல் முடிவு வரை படம் பிடித்தது. அதே நேரத்தில் டாப்ளர் ராடாரும் அதைக் கவனித்தது. படத்தையும் பதிவையும் ஒப்பிட்டபோது, டொர்னாடோவின் அடையாளம் ராடாரில் எப்படித் தெரியும் என்பது புலப்பட்டது.

டாப்ளர் விளைவு ரயில்காரர்களுக்குப் புதிதல்ல. நம்மை நோக்கி வரும் எஞ்சினின் விசில் கீச்சென்றும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கும். அதுபோல, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தைக் கொண்டு காற்று எத்திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று ராடார் கணக்கிடுகிறது. கொல்கத்தாவிலும் இன்று அத்தகைய ராடார் உண்டு.

ஆனால் மேகத்துக்குத் தாட்சண்யம் கிடையாது. டிம் சாமராஸ் அனுபவம் மிக்கவர். 2003-இல் டொர்னாடோவின் பாதையில் கருவியை வைத்து, 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்தவர். 2013 மே 31 அன்று ஓக்லஹாமாவின் எல் ரீனோ அருகே டொர்னாடோ திடீரென்று திசை மாறி, 4 கிலோமீட்டருக்கும் மேல் அகன்றது. அவரும், மகன் பாலும், நண்பர் கார்ல் யங்கும் அதில் பலியானார்கள்.

ஆகவே, படம் பிடிக்கும் ஆசையுள்ள நம் பிள்ளைகள் கவனிக்க: மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட வினாடிகளை மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்று தெரியும். 30 வினாடிக்குக் குறைந்தால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை மாடிக்குப் போகலாகாது. மரத்தடி கூடவே கூடாது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருக்கலாம். அமெரிக்காவில் வசிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுங்கள்: டொர்னாடோ எச்சரிக்கை வந்தால் நிலவறைக்கோ ஜன்னலில்லாத உள்ளறைக்கோ போக வேண்டும். பாலத்தடியில் ஒதுங்கக் கூடாது. அங்கே காற்று இன்னும் வேகமாகப் பாயும்.