ஆசியக் கபடிக் கூட்டமைப்பின் விதியாட்சியும் சடுகுடுப் பாட்டு வழக்கும்

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சார்ந்த செட்டிகுளம், தண்டாயுதபாணி சுவாமி மலைக்கோயிலாலும் சின்ன வெங்காயச் சாகுபடியாலும் அறியப்பெறும் ஊர். இவ்வூரை உள்ளிட்ட வட்டாரத்தில், தமிழகத்தின் பிற உள்நாட்டுப் பகுதிகளைப் போலவே, பொங்கலையொட்டிக் கபடிப் போட்டிகள் நடத்துவது இளைஞர்தம் வழக்கமாக உள்ளது. அறிவிப்புத் தட்டியில் எழுதப்படும் சொல் ‘கபடி’. முந்தைய தலைமுறையினர் வாயில் வழங்கும் சொல் ‘சடுகுடு’. ஒரே ஆட்டத்திற்கு இரு பெயர் வழங்குவதை இயல்பான சொல்வழக்கு மாற்றம் என்று கொண்டு கடந்துவிட இயலாது. இம்மாற்றத்தின் பின்னே எழுதப்பட்ட ஒரு விதி இருக்கிறது. அவ்விதியைக் கண்டம் முழுவதும் செல்லுபடியாக்கும் ஓர் அமைப்பும் இருக்கிறது. ஆசியக் கபடிக் கூட்டமைப்பு இவ்வாட்டத்தை ஆளும் முறையையும், அவ்வாட்சி தமிழ் வாய்மொழி வழக்கொன்றைத் தொட்ட இடத்தையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அமைப்பும் அதிகாரப் படிநிலையும்

இவ்வாட்டம் வங்கத்தில் ஹாடுடு, மராட்டியத்தில் ஹுதுது, தெலுங்கு நாட்டில் செடுகுடு, தமிழகத்தில் சடுகுடு என வழங்கியது. ஆட்டக்காரர் எண்ணிக்கையும் களத்தின் அளவும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் மராட்டியப் பகுதி உடற்பயிற்சிக் கழகங்கள் முதலில் விதிகளை எழுத்தில் வடித்தன. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சார்ந்த அனுமன் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் இவ்வாட்டத்தை நிகழ்த்திக் காட்டினர். 1950-இல் அனைத்திந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவாயிற்று; 1972-இல் இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு அதன் இடத்தைப் பெற்றது. அதே 1972-இல் வங்கதேசம் ஹாடுடுவுக்குக் ‘கபடி’ எனப் பெயரிட்டுத் தேசிய விளையாட்டாக்கியது. கண்ட அளவிலான அமைப்பு தோன்றுமுன்பே பெயரொருமை தொடங்கிவிட்டதை இது காட்டுகிறது.

1978-இல், பிலாயில் நடைபெற்ற தேசியப் போட்டியின் வெள்ளிவிழாவின்போது ஆசிய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு நிறுவப்பெற்றது. 1980-இல் கல்கத்தாவில் முதல் ஆசியப் போட்டி நடந்தது. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டமாக இடம்பெற்ற கபடி, 1990 பெய்ஜிங்கில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. மகளிர் பிரிவு 2010 குவாங்சௌவில்தான் சேர்க்கப்பெற்றது. இருபதாண்டு இடைவெளி சிறிதன்று.

கூட்டமைப்பு தனி வீரரை நேரடியாக அறிவதில்லை. நாட்டிற்கு ஒன்றாக ஏற்பளிக்கப்பெற்ற தேசியக் கூட்டமைப்பையே அறியும். செட்டிகுளத்து ஆட்டக்காரர் ஒருவர் ஆசிய விளையாட்டுக் களத்தை எட்ட வேண்டுமாயின் ஊர்க்குழு, மாவட்டக் கழகம், மாநிலக் கழகம், தேசியக் கூட்டமைப்பு எனப் படிகள் ஏற வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். மறு ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதும் பெற்றார். சிற்றூர்க் களத்திற்கும் கண்டக் களத்திற்கும் இடையே வழி உண்டு என்பதற்கு அவர் சான்று.

இவ்வழியில் ஒரு படி பழுதுபட்டாலும் கீழுள்ளோர் அனைவரும் தேங்குவர். 2018 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் இந்தியக் கூட்டமைப்பின் வாழ்நாள் தலைவர் தெரிவைச் செல்லாததாக்கி நிர்வாகி ஒருவரை அமர்த்தியது. தேர்ந்தெடுக்கப்பெற்ற குழுவின் கையில் இல்லாத அமைப்பைப் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஏற்க மறுத்தது. 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், ஆசியப் போட்டியில் இந்தியர் பங்கேற்க வழி ஏற்படும்பொருட்டு, பொறுப்பைத் தேர்ந்தெடுக்கப்பெற்ற குழுவிடம் ஒப்படைக்கப் பணித்தது. ஊழல் தடுக்க வந்த தலையீடே வீரர்தம் வழியை அடைத்தது முரணாகத் தோன்றலாம். ஆயின் ஏற்பு என்னும் ஒற்றை அதிகாரத்தைக் கொண்டே கூட்டமைப்புகள் ஆள்கின்றன என்பதை அறிந்தார்க்கு இது வியப்பன்று.

ஏற்கப்பட்ட ஒரே சொல்

ஏற்பை அடுத்து, கூட்டமைப்பின் ஆட்சி விதிநூல் வழியாக நிகழ்கிறது. ஆடவர்க்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும், மகளிர்க்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட களம், களத்தில் எழுவர் என்பன போன்ற விதிகள் எளிதில் விளங்கும். தமிழாய்வாளர் கருதத்தக்க விதி வேறொன்று. எதிர்க்களம் புகுவோர் ‘கபடி’ என்னும் சொல்லை மட்டுமே, தெளிவாகவும் இடைவிடாமலும் ஒரே மூச்சிலும் ஒலிக்க வேண்டும். வேறு சொல் ஒலித்தால் நடுவர் அவரைத் திருப்பி அனுப்புவார். எதிரணிக்குப் புள்ளியும் ஆடும் முறையும் கிட்டும்.

சடுகுடுவில் அவ்விடத்தில் இருந்தது பாட்டு. ஆட்டத்தின் வினைச்சொல்லே ‘பாடுதல்’: பாடிப் போதல், பாடி வருதல், பாட்டை விடுதல். தேவநேயப் பாவாணர் தம் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ (1954) நூலில் சடுகுடுவை விளக்கியுள்ளார். இப்பாடல்கள் பெரும்பாலும் ஓரிரு அடிகளால் ஆனவை. பாடுவோன் தன் குடிப்பெருமை கூறுவான், எதிரணியை எள்ளுவான், இன்னது செய்ய வருகிறேன் என அறைகூவுவான். அடிகள் முடிந்தபின் ஈற்றுச்சொல்லை மூச்சு உள்ளவரை அடுக்கிச் சொல்வான். இவ்வடுக்கே பாடலின் அளவைத் தீர்மானிப்பது. அசையும் சீரும் வரையறுக்க வேண்டிய நீளத்தை இங்கு நெஞ்சக்கூட்டின் கொள்ளளவு வரையறுக்கிறது. வாய்மொழி யாப்பை ஆராய்வோர் இதனைத் தனி வகையாகக் கொள்ள இடமுண்டு. போர்க்கள வஞ்சினத்தின் சாயலை இவற்றில் காண்போரும் உளர்; அவ்வுறவை நிறுவுதற்கு ஒப்புமை மட்டும் போதாது.

விதி இயற்றியோர் மீது குறை காண்பதும் எளிதன்று. ஜப்பானிய நடுவர் ஒருவர் தமிழ்ப் பாட்டில் மூச்சு அறுந்த இடத்தை எங்ஙனம் அறிவார்? இழுத்துப் பாடும் உயிர்நெடிலுக்கும் மறைவாக வாங்கிய மூச்சுக்கும் இடையே வேறுபாடு காண, அம்மொழியில் பழகிய செவி வேண்டும். எல்லாரும் ஒரு சொல்லையே ஒலித்தால் எல்லாரையும் ஓர் அளவுகோலால் அளக்கலாம். 2018 ஜகார்த்தாவில் ஆடவர் பிரிவில் ஈரான் தங்கமும் தென்கொரியா வெள்ளியும் வெல்ல முடிந்ததும், ஒரு சொல்லும் ஒரு விதியும் எங்கும் பயிலத்தக்கனவாக இருந்தமையால்தான். ஆட்டம் பெற்ற விரிவிற்குப் பாட்டு விலையாயிற்று. இப்பேரம் தமிழ்க் களத்தில் யாராலும் வெளிப்படையாகப் பேசி முடிக்கப்பட்டதன்று. விதிநூல் வந்தது, பாட்டு நின்றது.

‘கபடி’ என்பது ‘கைபிடி’யின் திரிபு என்னும் கருத்து மேடைகளிலும் இதழ்களிலும் பரவலாக வழங்குகிறது. தமிழ் வழக்கில் ஆட்டத்தின் பெயர் சடுகுடுவாகவே இருந்தது என்பதை அக்கருத்து விளக்குவதில்லை. மக்கள் சொற்பிறப்பியலின் எடுத்துக்காட்டாகக் கொள்வதே தகும். இழந்தது பாட்டாக இருக்க, பெயருக்கு உரிமை கோரி அமைதி காண்பது நோக்கத்தக்கது.

மூச்சும் கடிகாரமும்

2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக் ஒவ்வொரு புகுதலுக்கும் 30 நொடி என வரையறுத்தது. பன்னாட்டு ஆட்டத்திலும் இவ்வரம்பே நடைமுறையாயிற்று. ‘கபடி’ ஒலித்தல் விதியில் நீடிக்கிறது. எனினும் புகுதலின் முடிவை இன்று மூச்சினும் கடிகாரமே உணர்த்துகிறது. முதல் மாற்றத்தில் பாட்டு சொல்லாகச் சுருங்கியது. இரண்டாவதில் அச்சொல் தன் வேலையையே பெரிதும் இழந்துள்ளது.

தொழில்முறைப் போட்டியின் விதியும் கூட்டமைப்பின் விதியும் முரணுமிடத்தில் எது செல்லும் என்னும் வினா 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சௌவில் எழுந்தது. இந்தியா, ஈரான் ஆடவர் இறுதியாட்டத்தில் இரு அணியும் 28 புள்ளிகளில் நின்றபோது, இந்தியத் தலைவர் பவன் ஷெராவத் எவரையும் தொடாமல் பக்கவாட்டுப் பகுதியில் கால் வைத்தார். ஈரானியத் தடுப்பாளர்களும் பின்தொடர்ந்து புகுந்தனர். புகுந்தவர் மட்டும் ஆட்டமிழப்பதா, தொடர்ந்தோரும் இழப்பதா என்பதில் இரு விதிகளும் வேறுபட்டன. தீர்ப்பு மாறி மாறி வந்தது. இரு அணியினரும் களத்தில் அமர்ந்தனர். ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தடைபட்டது. இறுதியில் இந்தியாவுக்கு 3, ஈரானுக்கு 1 எனப் புள்ளிகள் வழங்கப்பெற்றன. 33–29 என இந்தியா வென்றது. விதியை ஒன்றாக்குதலே தன் பணியாகக் கொண்ட அமைப்பின் மிகப்பெரிய களத்தில், ஒரு நிகழ்வுக்கு இரு விதி இருந்தது.

சொல்வழக்கில் எஞ்சுவது

தொலைக்காட்சித் தமிழ் வருணனையில் ‘ரெய்டு’, ‘ரெய்டர்’, ‘டேக்கிள்’, ‘போனஸ்’ என்பன நிலைபெற்றுவிட்டன. திரைப்படமும் 2009-இல் ‘வெண்ணிலா கபடிகுழு’ என்றே பெயர் கொண்டது. சிற்றூர்க் களங்களில் ‘பாடுதல்’ என்னும் வினை மட்டும் இன்னும் முற்றாக மறையவில்லை. பாடுவதற்குப் பாட்டு இல்லாத நிலையிலும், எல்லைக்கோட்டைக் கடந்து ‘கபடி, கபடி’ என்று செல்பவனைப் பாடிப் போகிறான் என்றே சொல்கின்றனர்.