உஷார்! வேன் ஹாரன் அடித்த பிறகு பிள்ளையை விரட்டாதீர்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெற்றோரே, காலையில் உங்கள் வீட்டு வாசலைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு காலில் ஷூ, வாய் நிறைய இட்லி, தோளில் பாதி தொங்கும் பை. "மசமசன்னு நிக்காத, வெரசா ஓடு!" என்று பின்னாலிருந்து அம்மா. தெருவில் ஹாரன். ஒரு மணி நேரம் ஆடி அசைந்த பிள்ளை இப்போது இரண்டே நிமிடத்தில் பறக்கிறது. ஆபத்து இந்த இரண்டு நிமிடத்தில்தான்.

வாயில் உணவோடு ஓடினால் புரையேறி மூச்சுக்குழாய் அடைக்கலாம். அதைத் தாண்டினால் சாலை. நம் இரண்டு ஊர் வழியாகவும் போவது திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744. கேரளா லாரியும் மில் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முட்டிமோதுகிற நேரம், நம் பிள்ளை கிளம்புகிற அதே நேரம்.

2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், தான் வந்திறங்கிய பள்ளி வேனிலேயே அடிபட்டுப் பள்ளி வளாகத்துக்குள் இறந்தான். அதன் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குக் கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. உங்கள் பிள்ளை போகிற வண்டியில் அவை இருக்கின்றனவா? கேட்டுப் பாருங்கள். வண்டியின் மூக்கை ஒட்டி நிற்கும் குட்டிப் பிள்ளை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டில் உருண்டு போனால் குனியாதே, உதவியாளரிடம் சொல் என்று இன்றே பழக்குங்கள்.

வேன் போய்விட்டதா? போகட்டும். பைக்கில் மூன்று பேரை அள்ளிக்கொண்டு துரத்தாதீர்கள். நான்கு வயதுக்கு மேல் பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே என்றால் ஹெல்மெட்டோடு பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு வயதுக்குக் கீழானவர்களுக்கான இந்த விதி 2023 பிப்ரவரியிலிருந்து சட்டம். தாமதமாக வந்ததற்கு டீச்சர் திட்டினால் திட்டட்டும்.

பிள்ளை ஏன் நேரத்தை இழுக்கிறது? ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்றால் எவ்வளவு என்றே தெரியாது. "வெரசா" என்று இருபது முறை கத்தினாலும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. அடுப்படியிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, "சாக்ஸ் போடு" என்று ஒரே வேலையைச் சொல்லுங்கள். முடிந்த பிறகு அடுத்தது. பை, யூனிபார்ம், ஷூ எல்லாம் ராத்திரியே வாசல் பக்கம் வந்துவிட வேண்டும். காலையில் டிவியும் மொபைலும் கூடாது. அவை ஓடுகிற வீட்டில் ஒரு தோசை அரை மணி நேரம் எடுக்கும். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குள் படிக்கிற பிள்ளை என்றால் காலை உணவு அங்கேயே உண்டு. வீட்டில் ஊட்டுகிற சண்டையே வேண்டாம்.

இத்தனையும் முந்தைய இரவைப் பொறுத்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து அப்பா நள்ளிரவில் வரும்வரை விழித்திருக்கிற பிள்ளை காலையில் எழுந்து ஓடுமா? அப்பாவோடு விளையாட ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

அடுத்த எச்சரிக்கைதான் எனக்கு அதிக பயம் தருவது. எல்லா மெதுவும் சோம்பல் ஆகாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை. வெளிறிய கண், எப்போதும் அசதி என்றால் அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். கூப்பிட்டால் திரும்பவே இல்லையா? சளிக்குப் பிறகு காதுக்குள் நீர் கோத்திருக்கலாம். கழிவறையில் அரை மணி நேரமா? மலச்சிக்கலைப் பாருங்கள்.

பல் துலக்கும்போது பிரஷ்ஷோடு சில விநாடி வெறித்து நின்று, தொட்டாலும் அசையாமல், பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்கிற பிள்ளையைத் திட்டவே திட்டாதீர்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கை கால் வெட்டாது, கீழே விழ வைக்காது, ஒரு நாளில் பலமுறை வரும். நான்கு முதல் பத்து வயதுக்குள் தொடங்கும் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. காலையில் வேண்டாம் என்று நான் சொன்ன அதே மொபைலை எடுத்து, அந்தச் சில விநாடியை வீடியோ பிடித்து, குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.